பட்டை வராத தடமே சாட்சி

நெற்பயிரின் செல்லுக்குள் எந்த மரபணு எப்போது வேலை செய்ய வேண்டும், எப்போது சும்மா இருக்க வேண்டும் என்று முடிவு செய்பவை சில புரதங்கள். பாடநூல்கள் இவற்றைப் படியெடுத்தல் காரணிகள் என்கின்றன. டி.என்.ஏ. இழையில் தமக்குரிய எழுத்துத் தொடரைத் தேடிப் போய் இவை உட்காரும். பக்கத்திலுள்ள மரபணுவிலிருந்து ஆர்.என்.ஏ. படி எடுக்கப்படுவதை முடுக்கிவிடும், அல்லது நிறுத்தி வைக்கும். இந்தப் புரதங்கள் செல்லில் இருக்கின்றனவா, எவ்வளவு இருக்கின்றன, டி.என்.ஏ.வில் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன என்று பார்க்க ஆய்வுக்கூடங்களில் பெரிதும் கையாளப்படும் கருவி எதிர்ப்பொருள். லேபில் ஆன்டிபாடி என்றால்தான் யாரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

இது எதற்காக என்பதற்கு ஆவுடையார்கோவில் வட்டாரத்து வயல் ஒன்றே போதும். கல்லணைக் கால்வாயின் கடைமடைப் பகுதி அது. கால்வாய்த் தண்ணீரைவிடக் கண்மாயையும் வானத்தையும் நம்பிய நிலமே அங்கு அதிகம். புழுதியில் விதைத்த சம்பா ஆவணி, புரட்டாசியில் மழைக்கு வாடி நிற்கும். ஐப்பசி, கார்த்திகையில் மொத்த மழையும் நான்கு நாளில் கொட்டினால் அதே பயிர் நுனி தெரியாமல் மூழ்கிக் கிடக்கும். காய்ந்து நின்றதும் மூழ்கிக் கிடப்பதும் ஒரே விதை, ஒரே மரபணுத் தொகுதி. 2005-ல் வெளியான நெல்லின் முழு மரபணு வரைபடம் 37,544 மரபணுக்களைக் கணக்கிட்டது. அந்தப் பன்னாட்டுப் பணியில் 11-ஆம் குரோமோசோமின் ஒரு பகுதியை டெல்லி பல்கலைக்கழகத்தின் தெற்கு வளாகமும் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகமும் படித்துக் கொடுத்தன. காய்ச்சலிலும் சரி, வெள்ளத்திலும் சரி, இந்தப் பட்டியல் மாறுவதில்லை. பட்டியலில் எவை திறக்கப்படுகின்றன என்பதுதான் மாறுகிறது.

கூட்டத்தில் ஒளிந்திருக்கும் சிறுபான்மை

தாவரத்தில் முதன்முதலாகப் பிரித்தெடுக்கப்பட்ட படியெடுத்தல் காரணி மக்காச்சோளத்தின் சி1. மணியின் ஊதா நிறத்தைத் தீர்மானிக்கும் அந்த மரபணு 1987-ல் படிக்கப்பட்டது. 1994-ல் சர்க்கரைவள்ளிக் கிழங்கிலிருந்து டபிள்யூ.ஆர்.கே.ஒய். என்ற குடும்பத்தின் முதல் உறுப்பினர் கிடைத்தது. பிறகு குடும்பம் குடும்பமாக வந்தன: எம்.ஒய்.பி., என்.ஏ.சி., இ.ஆர்.எஃப்., பி-சிப், இன்னும் பல. ஆய்வாளர்களின் செல்லப்பிள்ளையான அராபிடாப்சிஸ் என்ற கடுகினச் சிறுசெடியில் மட்டும் 1,500-க்கு மேல் இருக்கின்றன. நெல்லிலும் எண்ணிக்கை குறைவில்லை.

வகை இத்தனை இருந்தும் அளவு மிகச் சொற்பம். பச்சை இலையைக் கசக்கிச் சாறெடுத்தால் அதில் கரைந்திருக்கும் புரதத்தில் பாதிவரை ருபிஸ்கோ ஒன்றே இருக்கும். காற்றிலிருந்து கரியமில வாயுவைப் பிடித்துச் சர்க்கரையாக்கும் நொதி அது. உலகத்தில் மிக அதிகமாக உள்ள புரதம் என்று அதைச் சொல்வதுண்டு. படியெடுத்தல் காரணியோ உட்கருவுக்குள் சில நூறு, சில ஆயிரம் மூலக்கூறுகளாக நடமாடும். தேர்க்கூட்டத்தில் தொலைந்த பிள்ளையைத் தேடுவதற்கு ஒப்பான வேலை. அதிலும் அந்தப் பிள்ளை அரை மணி நேரத்தில் மறைந்துவிடக்கூடியது.

மறைவது ஏன் என்பதை எஸ்.எல்.ஆர்.1 என்ற நெல் புரதம் நன்றாகக் காட்டும். டெல்லா என்ற வகையைச் சேர்ந்த இது டி.என்.ஏ.வில் நேரடியாக உட்காருவதைவிட, உட்காரும் மற்ற புரதங்களைப் பிடித்து அடக்கிவைப்பதன் மூலமே பெரும்பாலும் வேலை செய்கிறது. 625 அமினோ அமிலங்கள் நீளம். பயிரின் உயரத்துக்கு இதுதான் கடிவாளம். ஜிப்ரலின் என்ற வளர்ச்சி ஊக்கி சுரந்தால் செல்லே இந்தப் புரதத்தைச் சிதைத்துவிடும். கடிவாளம் அறுந்ததும் தண்டு நீளும். எஸ்.எல்.ஆர்.1 மரபணு பழுதுபட்ட நெல் ஒல்லியாக, நெடுநெடுவென்று, நிற்கத் திராணியற்று வளரும். 1960-களில் குட்டை நெல்லையும் குட்டைக் கோதுமையையும் கொண்டுவந்த பசுமைப் புரட்சியின் உயிர்நாடியும் இந்தப் பாதையில்தான் இருக்கிறது. ஐ.ஆர். 8 நெல்லில் ஜிப்ரலினைத் தயாரிக்கும் நொதி ஒன்று பழுது. குட்டைக் கோதுமையில் டெல்லா புரதமே சிதைய மறுக்கும் வடிவத்தில் இருக்கிறது.

ஜிப்ரலின் தெளித்த நெல்லில் எஸ்.எல்.ஆர்.1 மரபணுவின் ஆர்.என்.ஏ. அளவை மட்டும் பார்த்தால் அங்கே பெரிதாக ஒன்றும் நடந்ததாகத் தெரியாது. மரபணு தன் போக்கில் படியெடுக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். புரதத்தைப் பார்த்தால்தான் அது காணாமல் போனது தெரியும். ஆர்.என்.ஏ.வை அளப்பது இன்று மலிவு, வேகமும் அதிகம். ஒரு மாதிரியில் எல்லா மரபணுக்களின் படிகளையும் ஒரே ஓட்டத்தில் எண்ணிவிடலாம். ஆனால் சமையல் குறிப்பை எத்தனை பிரதி எடுத்தார்கள் என்று எண்ணினால் பந்தியில் எத்தனை இலைக்குச் சோறு விழுந்தது என்று தெரிந்துவிடாது.

மூழ்கிய பயிரின் கதை

கடைமடைக்காரர்களுக்கு அறிமுகமான ரகம் சி.ஆர். 1009. கட்டக்கில் அன்றைய மத்திய நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் பங்கஜ், ஜகன்னாத் என்ற இரண்டு ரகங்களைக் கலந்து உருவாக்கியது. சாவித்திரி என்றும் தமிழ்நாட்டில் பொன்மணி என்றும் பெயர். மோட்டா அரிசி, நீண்ட வயது, இட்லிக்கு நல்ல மாவு. அதன் வெள்ளம் தாங்கும் வடிவம் இப்போது சி.ஆர். 1009 சப்1 என்ற பெயரில் தமிழ்நாட்டில் பயிராகிறது. பெயரின் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தச் 'சப்1' ஒரு மரபணுக் கட்டுப்பாட்டுப் புரதத்தால் வந்த பெயர்.

அது ஒடிசாவின் உழவர் ரகம் ஒன்றிலிருந்து தேர்ந்தெடுத்த எஃப்.ஆர். 13ஏ என்ற நெல்லில் இருந்தது. முழுக்க மூழ்கி இரண்டு வாரம் ஆனாலும் தண்ணீர் வடிந்தபின் துளிர்த்து எழும் ரகம் அது. விளைச்சலும் ருசியும் சுமார். 1996-ல் கெனாங் ஷு, டேவிட் மேக்கில் இருவரும் அந்தக் குணம் 9-ஆம் குரோமோசோமில் ஒரே இடத்தில் பெரும்பங்கு குந்தியிருக்கிறது என்று காட்டினர். 2006-ல் பமேலா ரொனால்ட், ஜூலியா பெய்லி-செர்ரஸ் உள்ளிட்ட குழு அந்த இடத்தில் சப்1ஏ என்ற மரபணுவைக் கண்டெடுத்தது. அது இ.ஆர்.எஃப். குடும்பத்துப் படியெடுத்தல் காரணி. இந்தியாவில் ஸ்வர்ணா சப்1 ரகம் 2009-ல் வெளியானது. தொடர்ந்து மற்ற ரகங்களுக்கும் அதே மரபணு பின்கலப்பு முறையில் போய்ச் சேர்ந்தது. மரபணு மாற்றம் எதுவுமில்லை. கலந்து, தேர்ந்து, மறுபடி கலந்து எடுத்ததுதான்.

சாதாரண நெல் தண்ணீருக்குள் எத்திலீன் வாயு தேங்கியதும் மூச்சுக்குத் தவித்து மேலே எட்டப் பார்க்கும். சேமித்த மாவுச்சத்தை எல்லாம் நீளுவதிலேயே செலவழித்து, தண்ணீர் வடியும்போது கையில் ஒன்றுமில்லாமல் சாயும். சப்1ஏ உள்ள பயிர் அப்படி நீளுவதில்லை. பஞ்ச காலத்தில் நெற்குதிரைப் பூட்டிவைத்த குடியானவன் மாதிரி அடங்கி இருக்கும். எப்படி அடங்குகிறது? 2008-ல் டகேஷி ஃபுகாவோவும் பெய்லி-செர்ரஸும் வெளியிட்ட ஆய்வு, சப்1ஏ உள்ள நெல் மூழ்கும்போது மேலே சொன்ன எஸ்.எல்.ஆர்.1 புரதமும் அதன் தம்பி போன்ற இன்னொன்றும் கூடுதலாகச் சேர்வதைக் காட்டியது. கடிவாளம் இறுகுகிறது, தண்டு நீளவில்லை. புரதம் இருக்கிறதா இல்லையா என்பதே கேள்வியாக இருக்கும் இந்த இடத்தில் எதிர்ப்பொருள் இல்லாமல் பதில் வராது.

2011-ல் இன்னொரு வியப்பு சேர்ந்தது. அராபிடாப்சிஸில் சப்1ஏ-வின் உறவுக்காரப் புரதங்கள் சில, முன்முனையில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தைக் கொண்டவை. ஆக்சிஜன் இருக்கும்வரை அந்தச் சிஸ்டீன் துருவேறியது போல மாறும். செல் அந்தப் புரதத்தைச் சிதைக்கும். வெள்ளத்தில் ஆக்சிஜன் குறைந்ததும் சிதைவு நிற்கும், புரதம் தங்கும், வெள்ளத்துக்கான மரபணுக்கள் திறக்கும். உத்தரவு புதிதாக வர வேண்டியதில்லை. உத்தரவைக் கிழிப்பவன் ஓய்ந்தால் போதும். நெல்லில் 2019-ல் வந்த ஆய்வு, சப்1ஏ தூண்டும் வேறு இரண்டு இ.ஆர்.எஃப். புரதங்கள் இப்படிச் சிதைபவை என்றும் சப்1ஏ மட்டும் இந்தச் சிதைவிலிருந்து தப்பிவிடுகிறது என்றும் சொன்னது.

ஆன்டிபாடி எப்படி வருகிறது

உடலுக்குள் அந்நியப் பொருள் நுழைந்தால் முதுகெலும்புள்ள விலங்கு அதற்கென்று ஒரு புரதத்தைச் செய்து அனுப்பும். ஒய் வடிவம், ஏறத்தாழ 150 கிலோடால்டன் எடை. அதன் இரண்டு கை நுனிகளும் அந்நியப் பொருளின் ஒரு சிறு பகுதிக்குச் சரியாகப் பொருந்தும் குழிகள். ஆவுடையார்கோவில் கருவறையில் ஆவுடையார் என்ற பீடம் மட்டுமே இருக்கிறது, மேலே லிங்கம் இல்லை, ஆத்மநாதர் அருவம். அமர்பவரைப் பீடத்தைக் கொண்டு அறிவது அந்த ஊருக்குப் பழகியது. ஆய்வுக்கூடத்தில் மட்டும் பீடம் தனக்குரியவரைத்தான் ஏற்றுக்கொண்டது என்று தனியாக நிரூபிக்க வேண்டியிருக்கிறது. அந்த நிரூபணத்தில்தான் இந்தத் துறையின் பாதிச் சிக்கல்.

பழைய வழி முயல். முழுப் புரதத்தைப் பாக்டீரியாவில் தயாரித்தோ, அதில் 10 முதல் 20 அமினோ அமிலம் நீளமுள்ள ஒரு துண்டை மட்டும் வேதிமுறையில் கோத்தோ முயலுக்கு ஊசி போடுவார்கள். துண்டு மிகச் சிறியது என்பதால் முயலின் உடல் அதைச் சட்டை செய்யாது. அதனால் கீஹோல் லிம்பெட் என்ற கடல் நத்தையின் இரத்தப் புரதத்தோடு ஒட்டிக் கொடுப்பார்கள். இரண்டு மூன்று மாதத்தில் சில தவணை ஊசிகளுக்குப் பிறகு எடுக்கும் இரத்தத் தெளிவில் அந்தப் புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடிகள் பல வகை கலந்திருக்கும். இந்தியாவில் இதற்கு 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த குழுவின் விதிகளும், ஒவ்வொரு நிறுவனத்திலும் விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதியும் வேண்டும்.

முயல் இறந்தால் அந்த ஆன்டிபாடியும் முடிந்தது. அடுத்த முயல் தருவது வேறு கலவை. இந்தத் தொல்லைக்கு 1975-ல் ஜார்ஜஸ் கோலரும் சீசர் மில்ஸ்டீனும் விடை கண்டார்கள். சுண்டெலியின் ஆன்டிபாடி சுரக்கும் செல்லைச் சாகாத புற்றுச் செல்லோடு இணைத்தால், ஒரே வகை ஆன்டிபாடியைக் காலமெல்லாம் சுரக்கும் செல் வம்சம் கிடைக்கும். 1984-ல் நோபல் பரிசு. 1993-ல் ஒட்டகத்தின் இரத்தத்தில் இதைவிடச் சிறிய வகை ஒன்று கண்டறியப்பட்டது. அதன் பிடிக்கும் பகுதி மட்டும் 15 கிலோடால்டன்தான், நானோபாடி என்று பெயர். இப்போது ஆன்டிபாடியின் மரபணு வரிசையையே எழுதி வைத்துக்கொண்டு செல்களில் தயாரிக்கும் முறையும் வந்துவிட்டது. வரிசை கையில் இருந்தால் எந்த ஊரிலும், எந்த ஆண்டிலும் அதையே மறுபடி செய்யலாம்.

புரதத்தின் எந்தத் துண்டைக் கொடுப்பது என்ற தேர்வில்தான் தாவரக்காரர்கள் சறுக்குவார்கள். படியெடுத்தல் காரணிகளில் டி.என்.ஏ.வைப் பிடிக்கும் பகுதி குடும்பம் முழுவதற்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். டபிள்யூ.ஆர்.கே.ஒய். என்ற பெயரே அந்தப் பொதுப் பகுதியின் நான்கு அமினோ அமில எழுத்துகளைச் சேர்த்து வைத்தது. அந்தப் பகுதிக்கு எதிராக ஆன்டிபாடி செய்தால் அது குடும்பத்தில் எல்லோரையும் பிடிக்கும். யாரைப் பிடித்தது என்று சொல்ல முடியாது. வால் பகுதியும் இடைப்பகுதியும் ஆளுக்கு ஆள் மாறுபடும், அங்கிருந்து துண்டெடுப்பதே முறை. ஆனால் ஒரு ரகத்தின் வால் இன்னொரு ரகத்தில் ஓரிரு எழுத்து மாறியிருக்கலாம். ஜப்பானிய நிப்பான்பாரே நெல்லின் வரிசையைப் பார்த்துச் செய்ததை இந்தியச் சம்பா ரகத்தில் போட்டுவிட்டு, வேலை செய்யவில்லை என்று நொந்துகொள்வதில் அர்த்தமில்லை.

தாவரப் புரதங்களுக்கான ஆன்டிபாடிகளைத் தயாரிக்கும் நிறுவனங்கள் மிகக் குறைவு. ஸ்வீடனில் வன்னாஸ் என்ற ஊரில் இருக்கும் அக்ரிசெரா அவற்றில் பெயர் பெற்றது. மனிதப் புரதங்களுக்கான பட்டியல்களோடு ஒப்பிட்டால் தாவரப் பட்டியல் மெலிந்தது. அதிலும் பெரும்பகுதி ஒளிச்சேர்க்கைப் புரதங்கள், அதாவது நிறைய கிடைப்பவை. கட்டுப்பாட்டுப் புரதங்களுக்கு ஆன்டிபாடி வேண்டுமென்றால் பல ஆய்வுக்கூடங்கள் சொந்தமாகச் செய்துகொள்கின்றன, அல்லது செய்து வைத்திருக்கும் கூடத்துக்கு மின்னஞ்சல் எழுதிக் கேட்கின்றன.

பட்டை வருமா?

புரதம் இருக்கிறதா என்று பார்க்கும் பொதுவான சோதனை வெஸ்டர்ன் பிளாட். நெல் இலை சிலிக்கா நிறைந்தது, கையை அறுக்கும். திரவ நைட்ரஜனில் உறைய வைத்து உரலில் இடித்தால்தான் பொடியாகும். உறைய வைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: செல் உடைந்த நொடியே புரதம் தின்னும் நொதிகள் வேலையைத் தொடங்கிவிடும். அவற்றைத் தடுக்கும் மருந்துகளையும், சிதைவுக்கூடமான புரோட்டியோசோமை நிறுத்தும் எம்.ஜி. 132-ஐயும் சேர்ப்பார்கள். சாற்றிலுள்ள புரதங்களைச் சோப்பு போன்ற எஸ்.டி.எஸ்.-ஸில் விரித்து, ஜெல்லில் மின்சாரம் பாய்ச்சி எடைவாரியாகப் பிரித்து, மெல்லிய சவ்வுக்கு மாற்றுவார்கள். சவ்வில் வெற்றிடம் தெரியும் இடத்தில் எல்லாம் ஆன்டிபாடி ஒட்டிக்கொள்ளும் என்பதால் அதை முன்கூட்டியே பாலில் நனைப்பார்கள். கடையில் வாங்கும் கொழுப்பு நீக்கிய பால் பவுடர்தான்.

பிறகு முதல் ஆன்டிபாடி. அதன் மேல், முயல் ஆன்டிபாடியையே பிடிக்கும் இரண்டாவது ஆன்டிபாடி. இரண்டாவதோடு ஒட்டிவரும் நொதி ஒளியைக் கிளப்பும்.

கடைசியில் படத்தில், மாதிரி ஓடிய தடத்தில், கருத்த கோடாகப் பட்டை ஒன்று தெரியும். "பேண்ட் வந்துச்சா?" என்பதுதான் லேபில் அந்த வாரம் முழுக்கக் கேட்கும் கேள்வி. இந்தக் கோட்டுக்கு எதிரியும் ருபிஸ்கோதான். அதன் பெரிய பகுதி 55 கிலோடால்டன் எடையில் ஜெல்லின் நடுவே தடித்த பட்டையாக விழுந்து, பக்கத்தில் ஓடும் புரதங்களை வளைத்து நெளித்துவிடும். பல படியெடுத்தல் காரணிகளின் எடையும் அதே அக்கம்பக்கம். 55-ஐ ஒட்டி ஒரு பட்டை தெரிந்தால் மகிழ்வதற்கு முன் சந்தேகப்படுவது நல்லது. உட்கருவை முதலில் தனியே பிரித்து, அதிலிருந்து புரதம் எடுத்தால் ருபிஸ்கோ பெரும்பாலும் வெளியே நின்றுவிடும். அது பசுங்கணிகத்தில் வசிப்பது. பிரித்தது உட்கருதான் என்பதற்கு ஹிஸ்டோன் எச்3-க்கான ஆன்டிபாடி சாட்சி சொல்லும்.

டி.என்.ஏ.வில் புரதம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்கும் சோதனை இன்னும் கடினம். இலையை ஃபார்மலினில் வெற்றிடத்தின் உதவியோடு ஊறவைத்து, புரதத்தையும் டி.என்.ஏ.வையும் இருந்த இடத்திலேயே ஒட்டவைக்க வேண்டும். உட்கருவை எடுத்து, ஒலியலையால் டி.என்.ஏ.வைச் சில நூறு எழுத்து நீளத் துண்டுகளாக உடைத்து, ஆன்டிபாடியால் புரதத்தை மீன் பிடிப்பது போல இழுத்தால் அதோடு ஒட்டிய டி.என்.ஏ. துண்டுகளும் வரும். துண்டுகளைப் படித்தால் எந்த மரபணுக்களின் வாசலில் அந்தப் புரதம் நின்றது என்று தெரியும். வெஸ்டர்னில் நன்றாக வேலை செய்த ஆன்டிபாடி இங்கே தோற்கலாம். அங்கே புரதம் விரிந்த நூலாக இருக்கிறது. இங்கே சுருண்ட உருண்டையாக, ஃபார்மலினில் மாறிய முகத்தோடு இருக்கிறது.

தவறான ஆளைக் காட்டும் சாட்சி

ஆன்டிபாடிகளைப் பற்றிய நம்பிக்கை கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் ஆட்டம் கண்டது. 2015-ல் 'நேச்சர்' இதழ், மீண்டும் செய்து பார்த்தால் பொய்க்கும் ஆய்வுகளுக்கு ஆன்டிபாடிகளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக் கட்டுரை வெளியிட்டது. ஒன்றைப் பிடிக்கும் என்று விற்கப்பட்டது வேறொன்றைப் பிடித்தது, ஒரே எண்ணுள்ள புட்டி தொகுதிக்குத் தொகுதி மாறியது, இப்படிப் பல. அடுத்த ஆண்டு பன்னாட்டு நிபுணர் குழு ஒன்று சரிபார்க்கும் வழிகள் ஐந்தை முன்வைத்தது. அவற்றில் மரபணுவை முடக்கிப் பார்ப்பதற்கு நிகராக இந்தப் பதிவு எதையும் வைக்காது. புரதமே இல்லாத செடியில் பட்டை மறைய வேண்டும். மறையவில்லையென்றால் அந்த ஆன்டிபாடி பார்ப்பது வேறு எதையோ.

எஸ்.எல்.ஆர்.1-க்கு இயற்கையே இரண்டு சாட்சிகளைக் கொடுத்திருக்கிறது. ஒன்று, மேலே சொன்ன நெட்டை நெல். அதில் பட்டை இருக்கக் கூடாது. மற்றது ஜி.ஐ.டி.2 என்ற மரபணு பழுதுபட்ட குட்டை நெல்; சிதைவு நடக்காததால் பட்டை தடித்துத் தெரிய வேண்டும். இரண்டுக்கும் நடுவே சாதாரண நெல். மூன்று தடங்களும் அப்படியே வந்தால் அந்த ஆன்டிபாடி சொல்வதை நம்பலாம்.

பெரும்பாலான நெல் புரதங்களுக்கு இப்படிப்பட்ட பழுது ரகம் கையில் இல்லாமல் இருந்தது. கிரிஸ்பர் என்ற மரபணுத் திருத்தக் கருவி வந்தபின் நிலைமை மாறியிருக்கிறது. 2025 மே 4-ஆம் தேதி இந்தியா மரபணு திருத்திய இரண்டு நெல் ரகங்களை அறிவித்தது. அவற்றில் ஒன்றான பூசா டி.எஸ்.டி. ரைஸ் 1-இல் திருத்தப்பட்டது ஒரு படியெடுத்தல் காரணி. டி.எஸ்.டி. என்ற அந்த துத்தநாக விரல் புரதத்தைச் சீன ஆய்வாளர்கள் 2009-ல் விவரித்தனர். அது இலைத்துளைகளைத் திறந்து வைக்கும் பக்கம் சாய்ந்த புரதம். அது இல்லாவிட்டால் துளைகள் இறுகி, பயிர் காய்ச்சலையும் உப்பையும் கூடுதலாகத் தாங்கும். டெல்லி இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தில் விஸ்வநாதன் சின்னுசாமியின் குழு, காட்டன்தொரா சன்னாலு என்று ஆந்திரத்தில் அழைக்கப்படும் எம்.டி.யூ. 1010 ரகத்தில் இதைத் திருத்தி 2020-ல் வெளியிட்டது. இந்த ரகங்களை எதிர்ப்பவர்களும் உண்டு. அந்த வழக்கு வேறு.

அந்தத் திருத்தத்தின் கணக்கு ஆன்டிபாடி வாங்குபவருக்கு நல்ல பாடம். மரபணுவில் 366 எழுத்துகள் வெட்டப்பட்டன. மூன்று எழுத்துக்கு ஓர் அமினோ அமிலம் என்றால் 122. புரதத்தின் 184 முதல் 305 வரையிலான பகுதி போயிற்று, முன்பகுதி மிச்சமிருக்கிறது. இப்படிப்பட்ட நெல்லைச் சோதனைத் தடமாக வைத்து, முன்பகுதித் துண்டுக்கு எதிராகச் செய்த ஆன்டிபாடியைப் போட்டால் பட்டை மறைய வேண்டியதில்லை; எடை குறைந்து கீழே இறங்கி வரலாம். வெட்டுப்பட்ட பகுதிக்கு எதிராகச் செய்தது என்றால் பட்டையே வரக் கூடாது. ஒரே செடி, இரண்டு ஆன்டிபாடி, இரண்டு விடை, இரண்டுமே சரி. முடக்கிய செடியில் பட்டை வந்துவிட்டதே என்று ஆன்டிபாடியைத் தூக்கி எறிவதற்கு முன் எந்த இடத்தில் வெட்டினார்கள் என்று பார்ப்பது அவசியம்.

ஆன்டிபாடியே செய்யாமல் தப்பிக்கும் வழியும் உண்டு. ஆய்வு செய்யும் புரதத்தின் முனையில் ஃபிளாக், எச்.ஏ. போன்ற சிறு அடையாள வாலையோ பச்சையாக ஒளிரும் ஜி.எஃப்.பி.-யையோ ஒட்டிச் செடிக்குள் செலுத்தினால், எல்லாப் புரதத்துக்கும் அந்த அடையாளத்துக்கான ஒரே ஆன்டிபாடி போதும். நெல்லில் அக்ரோபாக்டீரியம் வழியாக மரபணு செலுத்தும் முறை 1994-லேயே நிலைபெற்றுவிட்டது. ஆனால் வால் ஒட்டிய புரதம் பழைய புரதம் அல்ல. மேலே சொன்ன சிஸ்டீன் முனைக்காரர்கள் முன்முனையில் வால் ஒட்டினால் சிதையவே மாட்டார்கள். வெள்ளம் இல்லாத வயலிலும் வெள்ளம் வந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். தவிர, சி.ஆர். 1009 போன்ற ரகத்தை உழவர் வயலில் இருந்தபடியே பார்க்க வேண்டுமென்றால் வாலொட்டிய செடி உதவாது. அதனால்தான் இயல்பான புரதத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடிக்கு இன்னும் மவுசு.

இன்னொரு சங்கதியும் ஆவுடையார்கோவில் இருக்கும் புதுக்கோட்டை மாவட்டத்தைச் சேர்ந்ததுதான். ஆலங்குடிப் பக்கம் வம்பனில் தேசியப் பயறு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. உளுந்து விதைப் பையில் வரும் 'வி.பி.என்.' எழுத்துகள் வம்பனைக் குறிப்பவை. உளுந்தைப் பிடிக்கும் மஞ்சள் தேமல் நோய் வெள்ளை ஈ பரப்பும் வைரசால் வருவது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் கே. வேலுத்தம்பி குழு வம்பனில் எடுத்த வைரசை வைத்து வேலை செய்தது. அந்த வைரசின் ஏ.சி.2 என்ற புரதம் செடியின் உட்கருவுக்குள் புகுந்து செடியின் சொந்த மரபணுக்களையே தூண்டிவிட்டு, வைரசை எதிர்க்கும் ஆர்.என்.ஏ. பாதுகாப்பை அடக்குகிறது என்று மதுரையும் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரக் குழுவும் சேர்ந்து 2005-ல் காட்டின. மரபணுக்களைத் திறக்கும் சாவி செடியுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, கள்ளச்சாவியும் உண்டு. வைரசின் மேலுறைப் புரதம் நிறைய இருப்பதால் ஆன்டிபாடியால் எளிதில் பிடிபடும், நோய் இருக்கிறதா என்று பார்க்க அது போதும். நோய் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க ஏ.சி.2 போன்ற சொற்ப அளவுக்காரர்களைத் தேட வேண்டும்.

நெல்லிலோ உளுந்திலோ இந்த வேலையைத் தொடங்கப் போகும் மாணவர்கள் புட்டிக்குப் பணம் கட்டும் முன் மூன்றைக் கேட்டு வாங்கவும். புரதத்தின் எந்தத் துண்டுக்கு எதிராகச் செய்தது, அந்தத் துண்டு தாங்கள் வளர்க்கும் ரகத்தில் அப்படியே இருக்கிறதா, மரபணு முடக்கிய செடியின் தடம் உள்ள படம் எங்கே. வந்ததும் சிறு சிறு அளவுகளாகப் பிரித்து உறைய வைத்துவிடுங்கள். கரைத்து, உறைய வைத்து, மறுபடி கரைத்தால் எவ்வளவு நல்ல ஆன்டிபாடியும் கெட்டுப்போகும்.